கரை மேட்டில் யாரைப் புதைத்தேன்

நர்கிஸ் புயலைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் நான் எழுந்து போய்விடுவேன். இங்கே பர்மாவில், போட்டாதாங்கில் நான் வேலை பார்க்கும் பருப்புக் கிடங்கில் சித்திரை பிறந்தால் போதும், முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பெண்கள் ஆரம்பித்துவிடுவார்கள். எங்கள் வீட்டுத் தகரம் மூன்று தெரு தள்ளிக் கிடந்தது, எங்கள் வார்டில் பெரிய மரம் வேரோடு சாய்ந்தது, பல நாள் தண்ணீர் இல்லை, கரண்ட் இல்லை என்று ஆளுக்கொன்று. ஏதோ திருவிழாவுக்குப் போய் வந்த மாதிரி சொல்வார்கள். "அக்கா, உங்க வீட்ல என்ன ஆச்சு?" என்று என் பக்கம் திரும்புவார்கள். "ஒண்ணும் ஆகல, உளுந்தைப் பாரு, கல்லு போகுது" என்பேன். எனக்கு வாய்த்துடுக்கு என்று பெயர். இருக்கட்டும்.

இந்த வருஷம் ஒருத்தியிடம் அந்தக் கதையைச் சொல்ல வேண்டி வந்தது. சொல்லி வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு ஒரே தங்கை. அவளைக் கியாக்தானுக்குத் தெற்கே, ஆறு கடலில் சேரும் பக்கத்தில், ஒரு வயற்காட்டு ஊரில் கட்டிக்கொடுத்தோம். முக்கால்வாசி பர்மியக் குடும்பங்கள். நம் ஆட்கள் பத்து வீடு இருக்கலாம். நம் வீடுகளுக்கு நடுவில் ஒரு மாரியம்மன் கோயில். கோயிலிலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமென்றால் அரைமணி நேரம் நடக்க வேண்டும். அவ்வளவு நிலம் இருந்தது அப்போது. தங்கையின் புருஷன் மலேசியாவுக்கு வேலைக்குப் போயிருந்தான். ஒரே பெண் குழந்தை, ஏழு வயது. கோடை விடுமுறைக்கு அவளைத் தாகேதாவில் இருக்கும் என் வீட்டுக்கு அனுப்பியிருந்தாள். வந்த இடத்தில் குழந்தைக்கு அம்மை போட்டுவிட்டது.

அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை பிள்ளையை எங்கும் அனுப்பக் கூடாது. நான் வேப்பிலைக்கு அலைந்தேன், பதநீர் மாதிரி ஏதாவது குளிர்ச்சியாகக் கிடைக்குமா என்று அலைந்தேன், மீதி நேரம் கிடங்குக்கு ஓடினேன். விஷயம் தெரிந்ததும் என் தங்கை அங்கே கோயிலில் வேண்டிக்கொண்டாள்: பிள்ளைக்கு நல்லபடி இறங்கட்டும், பூ மிதிக்கிறேன் என்று. பூ மிதிப்பது என்றால் தீக்குழியில் இறங்கி நடப்பது. திருவிழாவுக்குப் பத்து நாள்தான் இருந்தது. கையில் மஞ்சள் கயிற்றைக் காப்பாகக் கட்டிக்கொண்டுவிட்டாள். காப்புக் கட்டியவர்கள் பூ மிதித்து முடிக்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது.

அந்த ஊரில் கடைக்காரர் வீட்டில் மட்டும் ஒரு போன் உண்டு. அங்கிருந்து எங்கள் கிடங்குக்குப் பேசினாள்.

"புள்ள எப்படிக்கா இருக்கா?"

"மூஞ்சி பூரா முத்து. உன்னையக் கேட்டு அழுவுறா. ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்டி."

"எப்படிக்கா வர்றது? காப்புக் கட்டியிருக்கேன்ல. வெள்ளிக்கிழமை பூ மிதிச்சிட்டு, சனிக்கிழமை மொத லைன்கார்ல ஓடியாந்துர்றேன்."

"பெத்த புள்ளயவிட உனக்குக் கயிறு பெருசாப் போச்சு."

"அவளுக்காகத்தானக்கா கட்டினேன். மெட்டியக்கூடக் கழட்டி வச்சுட்டேன். போன வருசம் ஒருத்திக்கு நெருப்புல மெட்டி காஞ்சு விரலே வெந்துபோச்சு."

"புருஷன் ஊர்ல இல்லாத தைரியம் உனக்கு. வந்து பாக்கட்டும், வெறுங்காலப் பாத்துட்டு அப்படியே திரும்பி ஓடப்போறான்."

அவள் சிரித்தாள். நான் போனை வைத்துவிட்டேன், மேஸ்திரி முறைத்துக்கொண்டிருந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை குழியை மூட்டவே இல்லையாம். மழையில் விறகெல்லாம் நனைந்துவிட்டது என்று பிழைத்த ஒருவர் பிறகு சொன்னார். இருட்டிய பிறகு காற்று வந்தது, விடிவதற்குள் கடலும் வந்தது. தாகேதாவில் நான் குழந்தையை மேசைக்கு அடியில் போட்டு அவள்மேல் கவிழ்ந்து கிடந்தேன். எங்கள் கூரை போனது. அது பெரிதில்லை. "அம்மா எப்ப வரும்?" என்று குழந்தை கேட்டுக்கொண்டே இருந்தாள். "சனிக்கிழமை" என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

சாலையில் கிடந்த மரங்களை வெட்டி ஒதுக்கி, ஊர் பஸ்ஸான லைன்கார் ஓட ஐந்து நாள் ஆயிற்று. குழந்தையைப் பக்கத்து வீட்டு பர்மிய அம்மாளிடம் விட்டுவிட்டுக் கிளம்பினேன். கியாக்தான் வரை கார், அங்கிருந்து ஒரு படகுக்காரரைக் கெஞ்சிக் கூத்தாடி மீதி தூரம். போனால் ஊர் இல்லை. கோயிலில் மூலஸ்தானத்துச் சுவர்கள் மட்டும் நின்றன. வயல் முழுக்க மாடும் மனிதரும் ஊதிக் கிடந்தார்கள். தூரத்திலிருந்து எது மாடு எது ஆள் என்று தெரியாது, கிட்டே போய்த்தான் பார்க்க வேண்டும். நான் கிட்டே போய்ப் போய்ப் பார்த்தேன். மூன்று நாள்.

பிழைத்தவர்களும் நானும் கோயில் வாசலில் உட்கார்ந்து, நம் பத்து வீட்டுப் பெண்களில் யார் இருக்கிறார்கள், யாருடைய உடல் கிடைத்தது என்று பேசிக்கொண்டோம். என் தங்கை ஒருத்திதான் பாக்கி.

நான்காம் நாள் காலையில், பிணங்களைப் புதைத்துக்கொண்டிருந்த பர்மிய ஆட்கள் என்னைக் கூப்பிட்டார்கள். ஓடைக்கரையில், கூரை வேயும் ‘தனி’ என்ற ஓலைச்செடிப் புதரில் ஒரு பெண் சிக்கிக் கிடந்தாள். "உங்க ஆளுங்க மாதிரி தெரியுது, வந்து பாருங்க" என்று பர்மிய மொழியில் சொன்னார்கள். எதை வைத்துச் சொல்கிறார்கள் என்று கேட்கவே தேவையில்லை. உடம்பில் துணி இல்லை, கழுத்தில் தாலி இல்லை, முகம் இல்லை. இரண்டு காலிலும் மெட்டி மட்டும் ஊதின விரலில் இறுகிக் கிடந்தது. பர்மாக்காரப் பெண்கள் மெட்டி போடுவதில்லை. பிழைத்த நம் ஆட்கள் ஒவ்வொருவராக வந்து தள்ளி நின்று பார்த்தார்கள், மெட்டியைப் பார்த்தார்கள், என் முகத்தைப் பார்த்தார்கள். வேறு யாராக இருக்கும் என்பதுதான் எல்லார் நினைப்பும்.

கிட்டே குனிந்து பார்த்தவள் நான் மட்டும்தான். மீன் வடிவத்தில் செய்த மெட்டி அது. என் தங்கை போடுவது வெறும் வளையம். அதையும் கழற்றி வைத்துவிட்டதாக அவள் வாயாலேயே கேட்டிருக்கிறேன். மணிக்கட்டில் காப்புக் கயிறும் இல்லை. இவ்வளவும் எனக்குத் தெரிந்தது. தெரிந்துகொண்டேதான், "ஆமா, என் தங்கச்சிதான்" என்றேன்.

பூ மிதிப்பது நின்று போனதும் மறுபடி மாட்டியிருப்பாள், புதிதாக வாங்கியிருப்பாள், கயிற்றைத் தண்ணீர் அறுத்திருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதெல்லாம் பொய். என்னால் அதற்கு மேல் தேட முடியவில்லை, அவ்வளவுதான். இன்னொரு பிணத்தைப் புரட்டிப் பார்க்க என் உடம்பில் தெம்பு இல்லை. குழந்தையிடம் போய் அம்மா கிடைக்கவில்லை என்று சொல்லவும் வாய் வராது. எனக்கு ஒரு பிணம் வேண்டியிருந்தது, எடுத்துக்கொண்டேன். திருவிழாவுக்கு வெளியூர்ப் பெண்களும் வந்திருப்பார்கள் என்பது மட்டும் அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை. நம்பினால் நம்புங்கள்.

கோயிலுக்குக் கடல் பக்கமாகக் கொஞ்சம் மேடான இடம் இருந்தது. கோயில் வாசலிலிருந்து முப்பது எட்டு வைக்கும் தூரம். அங்கே புதைத்தோம். மஞ்சள் கிடைக்கவில்லை, பூ கிடைக்கவில்லை. இடிந்த சுவரிலிருந்து செங்கல் எடுத்துத் தலைமாட்டில் நட்டேன். மலேசியாவுக்குச் செய்தி சொன்னோம். அவன் போனில் அழுதான், வரவில்லை, இரண்டு வருஷத்தில் அங்கேயே வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான். அவனைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? குழந்தை என்னோடேயே தங்கிவிட்டாள்.

முதல் வருஷம் சித்திரையில் குழந்தையைக் கூட்டிக்கொண்டு படையல் வைக்கப் போனேன். அங்கேதான் அந்த அம்மாவைப் பார்த்தேன். கிழக்கே வேறொரு ஊர்க்காரி. ஒல்லியான உடம்பு, லுங்கி மேல் ஆம்பளைச் சட்டை, கையில் ஒரு தூக்குவாளி. எல்லாரையும் நிறுத்தி நிறுத்திக் கேட்டுக்கொண்டு வந்தவள், என்னிடமும் வந்தாள்.

"ஏம்மா, எம் மவள எங்கயாச்சும் பாத்தீங்களா? திருவிழாவுக்குன்னு சிநேகிதி வீட்டுக்கு வந்தா. அந்த வீட்லயும் ஒருத்தரும் மிஞ்சல. கல்யாணமாயி மூணு மாசந்தான். கால்ல மீனு மெட்டி போட்டிருப்பா, நான் செஞ்சு போட்டது."

அவளுக்குப் பின்னால் பத்தடியில் மேடு. மேட்டின் பக்கத்தில் குழந்தை குந்தி உட்கார்ந்து, இங்கே பெண்கள் கன்னத்தில் பூசும் தனகாவைச் செங்கல்லுக்குப் பூசிவிட்டுக்கொண்டிருந்தாள், அம்மாவின் கன்னம் என்று.

"பாக்கலியேம்மா" என்றேன்.

"அது யாரு?" என்று மேட்டைக் காட்டிக் கேட்டாள்.

"என் தங்கச்சி."

"உனக்காச்சும் கெடச்சாளே. குடுத்து வச்சவம்மா நீ." அவள் தூக்குவாளியைத் திறந்தாள். புளிச்சோறு. மகளுக்குப் பிடிக்கும் என்று கிண்டிக்கொண்டு வந்ததாம். எங்கே வைப்பது என்று தெரியாமல் ஊர் முழுக்கச் சுமந்துகொண்டு அலைந்திருக்கிறாள். கடைசியில் ஒரு பிடியை மேட்டில் வைத்துவிட்டு, மீதியை எனக்கும் குழந்தைக்கும் இலையில் போட்டாள். நான் சாப்பிட்டேன். எனக்குப் பசி. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ருசியாக இருந்தது.

அதன்பிறகு ஒவ்வொரு சித்திரையிலும் அவள் வந்தாள், நானும் போனேன். ஒவ்வொரு தடவையும் லைன்காரில் உட்கார்ந்து, இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று மனதைத் திடப்படுத்திக்கொள்வேன். போய் இறங்கியதும் குழந்தை மேட்டை நோக்கி ஓடுவாள். போன வருஷத்திலிருந்து இந்த வருஷம் வரை நடந்ததையெல்லாம் உட்கார்ந்து ஒப்பிப்பாள். பள்ளிக்கூடம், மதிப்பெண், யாரோடு சண்டை, எல்லாம் பர்மிய மொழியில். "பெரியம்மா, அம்மாக்கு பர்மால சொன்னா புரியுமா?" என்று ஒருதரம் கேட்டாள். "எல்லாம் புரியும், நீ சொல்லு" என்றேன். அதற்கு மேல் எங்கே வாயைத் திறப்பது? மேட்டை அந்த அம்மாவிடம் கொடுத்துவிட்டால் இந்தப் பிள்ளை எங்கே போய் உட்காரும்? அடுத்த வருஷம் பார்ப்போம் என்று திரும்பிவிடுவேன்.

கடல் அப்படித் தள்ளிப்போடவில்லை. புயலோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம், அதற்குப் பிறகுதான் அது நிதானமாகத் தின்ன ஆரம்பித்தது. மழைக்காலம் ஒவ்வொன்றிலும் கரை இடிந்து விழும். அரைமணி நேரம் நடந்த தூரம் கால்மணி ஆயிற்று. தென்னந்தோப்பு போயிற்று. ஒரு வருஷம் போனபோது ஊர்க்கிணறு சேற்றில் தனியாக நின்றது, சுற்றியிருந்த மண் கரைந்து கிணற்றின் உறை மட்டும் புகைபோக்கி மாதிரி. மக்கள் வீட்டைப் பிரித்து, தூணையும் ஓலையையும் மாட்டுவண்டியில் ஏற்றி உள்ளே தள்ளிக் கட்டிக்கொண்டார்கள். மூன்று வருஷத்தில் அங்கிருந்தும் பிரித்தார்கள். அம்மனையும் தூக்கிக்கொண்டு போய் ஒரு தகரக் கொட்டகையில் வைத்தார்கள். வரைபடத்தில் அந்த ஊர் இருக்கும் இடத்தில் இப்போது இறால் வலை வீசலாம்.

ஒரு சித்திரையில் மேட்டின் மேல் நின்றாலே அலை தெரிந்தது. அந்த அம்மா என் பக்கத்தில் நின்றுகொண்டு, "உன் தங்கச்சிய எடுத்து வேற எடத்துல வச்சிரும்மா. இன்னும் ரெண்டு மழதான் தாங்கும்" என்றாள். அவளுக்கு என் தங்கையைப் பற்றிக் கவலை. நான் தலையாட்டினேன். தோண்டியிருக்கலாம். தோண்டினால் மெட்டி வெளியே வரும், அவள் பக்கத்தில் நிற்பாள். தோண்டவில்லை.

பிறகு அந்த நோய் வந்து ஊரெல்லாம் அடைத்துக் கிடந்தோம். அது முடிந்ததும் வழியெல்லாம் பட்டாளக் கெடுபிடி, சாவடிக்குச் சாவடி இறக்கிச் சோதனை. சில வருஷம் போகவே இல்லை. உண்மையைச் சொன்னால், போகாமலிருக்க நல்ல காரணம் கிடைத்ததே என்று நிம்மதியாக இருந்தது. போன வருஷம் என் தங்கை மகள் வேலைக்கு பாங்காக் போய்விட்டாள். பட்டாளத்துக்குப் பயந்து ஓடாத இளவட்டங்கள் இங்கே யார் இருக்கிறார்கள் இப்போது? விமான நிலையத்தில் என்னைக் கட்டிக்கொண்டு, "சித்திரையில அம்மாகிட்ட போங்க பெரியம்மா, நான் நல்லா இருக்கேன்னு சொல்லுங்க" என்றாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். இனி யாரைச் சாக்குச் சொல்வேன்?

இந்தச் சித்திரையில் போனேன். மேடு இருந்தால் இருவருமாகத் தோண்டிப் பார்ப்பது, அவள் மகளை அவள் கையில் கொடுத்துவிடுவது, அவள் என்னை அடித்தால் வாங்கிக்கொள்வது. அப்படி முடிவு செய்துகொண்டுதான் போனேன்.

மேடு இல்லை. பழைய கோயில் சுவர்கள் இல்லை, கிணற்று உறை இல்லை. தகரக் கொட்டகையைத் தாண்டியதும் நிலம் கத்தியால் அறுத்த மாதிரி முடிந்து, கீழே சேறு, சேற்றுக்கு அப்பால் பழுப்புத் தண்ணீர். அந்த அம்மா விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தூக்குவாளி. கண் பார்வை மங்கிவிட்டது, குரலை வைத்துத்தான் என்னைத் தெரிந்துகொண்டாள். "வந்துட்டியா? ரெண்டு மழைக்கு முந்தியே போயிருச்சும்மா உன் தங்கச்சி. நான் அன்னிக்கே சொன்னேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நான் சொன்னேன். மீன் மெட்டியில் ஆரம்பித்து, புளிச்சோறு வரை, ஒன்றையும் விடாமல் சொன்னேன். சொல்லும்போதே அவள் கை என் கையை விட்டுவிட்டது.

"மேட்டுல சோறு வச்சனே, அது அவளுக்குத்தானா?" என்றாள்.

"ஆமாம்மா."

"நான் பக்கத்துல ஒக்காந்து வேற ஒருத்தர் தங்கச்சிக்குன்னு அழுதிருக்கேன். எம் புள்ளன்னு ஒருதரம் தொட்டிருப்பேன்ல?" அவள் விளிம்பு மண்ணைத் தடவினாள். "எடுத்து வச்சிரும்மான்னு உங்கிட்டயே சொன்னேன்டி. அப்பக்கூட உனக்கு வாய் வரலியா?"

நான் அவள் காலில் விழுந்தேன். அவள் காலை இழுத்துக்கொண்டாள். என் தங்கை மகளைப் பற்றி ஏதோ சொல்லப் போனேன், அது எனக்கே கேட்கச் சகிக்காமல் நிறுத்திக்கொண்டேன். அந்தப் பிள்ளையிடம் இன்னும் நான் சொல்லவில்லை. அவள் அம்மா எங்கே போனாள் என்று எனக்கும் தெரியாது, யாருக்கும் தெரியாது.

அந்த அம்மா எழுந்து லுங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். தூக்குவாளியை எடுத்தாள்.

"எந்த எடம்? காட்டு."

நான் பார்த்தேன். எதை வைத்துக் காட்டுவது? முப்பது எட்டு எண்ணக் கோயில் வாசல் வேண்டும். தென்னை ஒன்றாவது வேண்டும். ஊர்க்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். கோயில் இந்தப் பக்கம் என்றார் ஒருவர், இல்லை, அந்தப் படகு நிற்கும் நேருக்கு என்றார் மற்றவர்.

"சும்மா நிக்காத. காட்டுடி."

கையை நீட்டினேன். அவள் அந்தத் திசையில் விளிம்பைப் பிடித்து இறங்கினாள். சேறு முழங்கால் வரை வாங்கியது. ஊர்க்காரர் ஒருவர் தடுக்கப் போனதைத் தட்டிவிட்டாள். மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே போனாள். தண்ணீர் தொடங்கும் இடத்தில் நின்று, மங்கிய கண்ணோடு என் பக்கம் திரும்பிக் கத்தினாள்.

"இங்கயா? இன்னும் தள்ளியா?"

"அங்கதான்மா" என்றேன்.

அந்த இடம் எது என்று எனக்குத் தெரியாது.